நாலு எல்லைக் கையெழுத்து

வடகரைப்பேரி
9 ஜூன் 2025

செயல் அலுவலர் (ஈ.ஓ.) பாகீரதி அவர்களுக்கு,

இன்று காலை உங்கள் அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் பார்த்திருக்க, "எதுவானாலும் எழுத்துமூலமா கொடுங்கம்மா" என்று சொன்னீர்கள். பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் கிடந்து, ஒரே வாளியில் தண்ணீர் பிடித்த ஃபிளோராவை 'அம்மா' என்று கூப்பிட உங்களுக்கு நாக்கு கூசவில்லை. சரி, எழுத்துமூலமாகவே கொடுக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

பதினோரு வருடம் அடுத்தவர் அடுப்பில் சமைத்தேன். கல்லூரி கேன்டீன், கல்யாண மண்டபம், கடைசியாக ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளி விடுதி. இப்போது இந்த ஊர் மெயின் ரோட்டில் பழைய சைக்கிள் கடைக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, என் பெயரிலேயே மீன் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறேன். போட்டிருக்கிறேன் என்றால், எல்லாம் இருக்கிறது, திறக்கத்தான் முடியவில்லை. அடுப்பு இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது, உணவுப் பாதுகாப்புச் சான்று இருக்கிறது. தீயணைப்பு ஆட்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பேரூராட்சி அனுமதி மட்டும் இல்லை.

ஜனவரியில் ஊர்க் கூட்டத்தில் நீங்கள் மைக்கைப் பிடித்து, "கடை திறக்க இனிமேல் பதினாலு பக்கம் வேண்டாம், மூன்றே பக்கம், பதினைந்தே நாள். பதினைந்தாம் நாள் அனுமதி தருவோம். இல்லையென்றால் எந்தச் சட்டப் பிரிவின்படி மறுக்கிறோம் என்று எழுதித் தருவோம்" என்று பேசினீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டியவள் நான். அந்த மூன்றாம் பக்கத்தை அப்போது நான் பார்க்கவில்லை.

கடையின் நாலு எல்லையிலும் இருப்பவர்கள் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டிய பக்கம் அது. போய்க் கேட்டேன். கிழக்கே தையல் கடை ஞானசிகாமணி அண்ணன், என் கூரைத் தகட்டைத் தன் வாசல்வரை நீட்டித் தரச் சொன்னார், நீட்டினேன். எதிரே துணிக்கடை முகம்மது இப்ராஹிம் பாய், எங்களுக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன் முறை. தன் கடை முன்னால் பைக் நிற்கக் கூடாது என்றார், சரி என்றேன். மேற்கே பரோட்டா கடை தாணுமாலையன் அண்ணாச்சி. "மீனு சோறு போடுங்க தங்கச்சி, யாரு வேண்டாம்னா? பரோட்டா மட்டும் போடப்படாது. இந்தத் தெருவில அத நாந்தான் போடுதேன்" என்றார். பரோட்டா போட மாட்டேன் என்று அவருக்குத் தனியாகத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

வடக்கே, என் கடைக்குப் பின்புறம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சுப்பராமன் வீடு. உங்கள் சித்தப்பா. பின்வாசலில் நின்று கேட்டேன். "போட மாட்டேம்மா" என்றார். கோபமாகக்கூட இல்லை. "மோர் சாப்பிட்டுட்டுப் போ" என்றார். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். அக்ரகாரத்து மனுஷருக்கு மீன் வாடை ஆகாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன.

ஆகஸ்ட் பதினைந்துக்குள் கடை திறக்காவிட்டால் கட்டடக்காரர் இடத்தை ஒரு வங்கியின் ஏடிஎம்முக்குக் கொடுத்துவிடுவார். ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் இன்று காலை கேட்டேன். அதற்குத்தான் எழுத்துமூலம் வேண்டும் என்றீர்கள். இதோ இருக்கிறது.

இப்படிக்கு,
ஃபிளோரா ஜோஷுவா


பேரூராட்சிக் குடியிருப்பு
12 ஜூன் 2025

ஃபிளோரா,

இதை அலுவலகத் தாளில் எழுதவில்லை. இப்ராஹிம் பாய் கடையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம் என்று பார்த்தால் நீ என் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறாய்.

அன்று உன்னை 'அம்மா' என்றது தப்பு. மற்றது தப்பில்லை. உனக்குப் பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் கவுன்சிலர்கள். ஈ.ஓ. தன் தோழிக்காகத் தன் சித்தப்பாவை மிரட்டிக் கையெழுத்து வாங்கினாள் என்று ஊர் பேச அரை நாள் போதும். நான் குறைத்த பதினொரு பக்கத்தையும் அந்தப் பேச்சே திரும்பக் கொண்டுவந்துவிடும்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். நானும் சித்தப்பாவும் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது அவர் மாடி அறையை வெள்ளையடித்து எனக்காக வைத்திருந்தார். மனுக்காரர்கள் வீடு தேடி வந்துவிடுவார்கள் என்று நான் குடியிருப்பை எடுத்துக்கொண்டேன். "சரி, அப்போ நான் யாரோதானே" என்று உள்ளே போனவர்தான். பொங்கலுக்குக் கூடப் பேசவில்லை. இப்போது ஒரு மீன் கடைக்காக அவர் வாசலில் போய் நிற்க என்னால் ஆகாது. அவருக்கு அது பிடிக்காது என்பது எனக்கும் கேட்காமலே தெரியும்.

மூன்றாம் பக்கத்தை எடுத்துவிட வேண்டியதுதானே என்பாய். மற்ற பக்கங்களை எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒருவர் கோபித்துக்கொண்டார். இதைத் தொட வேண்டாம், ஊர் வழக்கம் என்று மன்றத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இதை விட்டுக்கொடுத்துத்தான் மற்றதை வாங்கினேன்.

பைபாஸ் பக்கம் ஓர் இடம் பாரேன். அங்கே சுற்றிலும் காலி மனை. எல்லைக் கையெழுத்து சுலபம்.

பாகீரதி


வடகரைப்பேரி
15 ஜூன் 2025

பாகீ,

பைபாஸ் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம்தான் ஏறியது.

இந்த மெயின் ரோட்டில் எத்தனை ஷட்டர் மூடிக் கிடக்கிறது என்று உனக்குத் தெரியும், நீதான் கணக்கெடுத்து மைக்கில் வாசித்தாய். ஊருக்குள் கடை வர வேண்டும், சேரன்மகாதேவிக்கும் டவுனுக்கும் போகிற சனம் இங்கேயே நிற்க வேண்டும் என்று சொன்னவளும் நீதான். கடை போட வந்தவளைப் பார்த்து பைபாஸுக்குப் போ என்பதும் நீதான். அங்கே யாரும் இல்லை என்பதால்தான் அங்கே யாரும் மறுக்க மாட்டார்கள். யாரும் இல்லாத இடத்தில் நான் யாருக்குச் சோறு போட?

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். இரண்டாம் வருடம், விடுதி வார்டன் அறை அறையாகச் சோதனை போட்டாள். எங்கள் அம்மா மணப்பாட்டிலிருந்து கொடுத்தனுப்பிய கருவாட்டு டப்பா என் பெட்டிக்கு அடியில் இருந்தது. வாடை காட்டிக்கொடுத்துவிட்டது. "யாருது இது?" என்று அவள் கத்த, நீ எழுந்து நின்று "என்னுது மிஸ்" என்றாய். நெற்றியில் குங்குமமும் கையில் தயிர்சாத டப்பாவுமாக. வார்டன் உன்னையும் கருவாட்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அந்தப் பெண் எங்கே போனாள் பாகீ? அவளை எந்த ஊருக்கு மாற்றல் செய்தார்கள்?

நீ சித்தப்பாவிடம் போக வேண்டாம். நானும் போகவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்றாம் பக்கம் எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறது? பதிலை எழுத்துமூலமாகக் கொடு.

ஃபிளோரா


பேரூராட்சிக் குடியிருப்பு
26 ஜூன் 2025

ஃபிளோரா,

பதில் சொல்லப் பத்து நாள் ஆனது. சட்டப் புத்தகத்தில் தேடினேன், இல்லை. விதிகளில் தேடினேன், இல்லை. சுற்றறிக்கைகளில் இல்லை. கடைசியில் பதிவறையைத் திறந்து, கரையான் அரித்தது போக மிச்சமிருந்த கோப்புகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன்.

1987இல் இங்கே இரண்டு அரிசி ஆலைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தவிட்டுத் தூசிக்காகச் சண்டை, அடிதடிவரை போயிருக்கிறது. அப்போதிருந்த அலுவலர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஒருவர்மேல் ஒருவருக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் ஆலை ஓடும் என்று ஒரு தாளைத் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கினார். சண்டை தீர்ந்தது. அடுத்து ஒரு சோடா கடை விண்ணப்பம் வந்தபோது, எழுத்தர் அந்த ஆலைக் கோப்பையே மாதிரியாக வைத்துக்கொண்டார். அந்தத் தாளும் கூடவே போனது. அப்புறம் முப்பத்தெட்டு வருடம் ஒருவரும் அது ஏன் என்று கேட்கவில்லை. அந்த இரண்டு ஆலைகளும் இப்போது இல்லை.

நானும் கேட்கவில்லை. மற்ற பதினொரு பக்கங்களுக்கும் சட்டம் எங்கே என்று தேடிப் பார்த்துத்தான் எடுத்தேன். இந்தப் பக்கத்தை மட்டும் தேடவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. இது எங்களுக்கு வசதியான பக்கம். கடை வராவிட்டால் பழி பக்கத்து வீட்டுக்காரர்மேல் போகும், அலுவலகத்தின்மேல் வராது.

ஆனால் மன்றம் தீர்மானம் போட்டு இதை எடுக்க மூன்று மாதமாவது ஆகும். உனக்கு ஆகஸ்ட் பதினைந்துதான். அதனால் சித்தப்பாவிடம் நானே போகிறேன். ஈ.ஓ.வாக இல்லை, அண்ணன் மகளாக.

பாகீரதி


வடகரைப்பேரி
28 ஜூன் 2025

பாகீ,

போ. மோர் கொடுத்தால் குடித்துவிட்டு வா. நான் அன்று குடிக்காமல் வந்தது இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

அரிசி ஆலைக் கதையை இப்ராஹிம் காக்காவிடம் சொன்னேன். "அப்ப முப்பத்தெட்டு வருஷமா செத்துப்போன ஆலைக்கில்லா கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார். சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உன் எண்ணை விடுவித்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுது. போனில் நீ அதிகாரி மாதிரி பேசுகிறாய்.

ஃபிளோரா


பேரூராட்சிக் குடியிருப்பு
4 ஜூலை 2025

ஃபிளோரா,

நாம் இரண்டு பேரும் மடச்சிகள்.

நேற்றுச் சாயங்காலம் போனேன். சித்தப்பா கதவைத் திறந்து, "வா, ஆபீஸர்" என்றார். உட்கார்ந்ததும் நானே ஆரம்பித்தேன். மீன் வாடைதானே உங்களுக்குப் பிரச்சினை, புகைபோக்கியை உயர்த்தச் சொல்கிறேன் என்றேன்.

"யார் சொன்னா?" என்றார். "தினம் படித்துறையிலே தூண்டில் போடறவா பக்கத்திலேதான் குளிக்கறேன். மீன் வாடை எனக்குப் புதுசா?"

"பின்னே ஏன் கையெழுத்துப் போடலை?"

"அவ கேக்கலையே, ஏன்னு. நீயும் இன்னிவரைக்கும் கேக்கலை. மாட்டேன்னதும் ரெண்டு பேரும் நீங்களே ஒரு காரணத்தை வெச்சுண்டேள்."

என்னைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப் போனார். சாக்கை விலக்கினார். உள்ளே காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் இயந்திரம். எண்ணெய் போட்டுத் துடைத்து, நேற்று வாங்கியது மாதிரி இருந்தது. இப்போது இல்லாத சித்தி 1998இல் காப்பிப்பொடி கடை வைக்க ஆசைப்பட்டு வாங்கியதாம். பதிமூன்று பக்கம் முடிந்துவிட்டது. நாலு எல்லைக் கையெழுத்தில் மூன்று கிடைத்துவிட்டது. சித்தப்பா வீட்டை ஒட்டிப் பின்பக்கம் நீளும் பரோட்டா கடையை அப்போது நடத்திய அண்ணாச்சியின் அப்பா மட்டும், காப்பி வறுக்கிற வாடை தலைவலி தரும் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா ஏழு தடவை போயிருக்கிறார். எட்டாவது தடவை சித்தியே போய் அந்தக் கடை வாசலில் நின்றிருக்கிறாள். பரோட்டா தின்ன வந்தவர்கள் எல்லாம் பார்க்க, அரை மணி நேரம்.

"அவ அங்க நின்னதை என்னால மறக்க முடியலை" என்றார். "அன்னிக்கே முடிவு பண்ணேன். அந்தத் தாள்ல நான் யாருக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். போடுங்கோன்னு கேக்கறதே, போடாம இருக்க எனக்கு ஒரு அதிகாரம் இருக்குன்னு சொல்றதுதான். அந்த அதிகாரம் எனக்கு வேண்டாம். ஆட்சேபணை இல்லேன்னு தெருவிலே நின்னு சொல்லச் சொல்லு, சொல்றேன். அந்தத் தாளைத் தொட மாட்டேன்."

"அப்போ அந்தப் பொண்ணு கடை?"

"அதை என்னைக் கேக்கறே? அந்தத் தாளை வெச்சிண்டிருக்கறது நீதானே."

மோர் கொடுத்தார், குடித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் இருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பாகீரதி


வடகரைப்பேரி
6 ஜூலை 2025

பாகீ,

உன் சித்தப்பாவின் கொள்கை என் அடுப்பில்தானே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு முதலில் ஆத்திரம் பொங்கியது. நேரே சண்டை போடப் போனேன். சித்தி நின்ற அரை மணி நேரத்துக்கு நான் ஏன் என் கடையை இழக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் உள்ளே போனார். மோர் கொண்டுவந்தார். இரண்டு தம்ளர் குடித்தேன். அப்புறம் அந்த இயந்திரத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினார். சண்டையை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்த்தேன். மூன்று கையெழுத்து. கூரைத் தகடு, பைக், பரோட்டா. நான் சாமர்த்தியமாக வாங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை பாகீ. ஒவ்வொரு வாசலிலும் நானும் நின்றிருக்கிறேன், சித்தி மாதிரியே. என்ன, எனக்கு அரை மணி நேரம் ஆகவில்லை, கேட்டதை உடனே கொடுத்துவிட்டேன். கொடுக்க ஒன்றும் இல்லாத ஒருத்தி நாளைக்கு வந்தால் என்ன செய்வாள்?

கிழித்துவிட்டேன். நாலாகக் கிழித்தேன். மூன்று பேரிடமும் போய்ச் சொல்லவும் செய்தேன். ஞானசிகாமணி அண்ணனிடம் தகட்டை எடுக்க மாட்டேன், அவர் வாசலில் நிழல் இருக்கட்டும், ஆனால் அது கையெழுத்துக்காக இல்லை என்றேன். இப்ராஹிம் காக்கா, "நல்ல காரியம். ஆனா பைக்க மட்டும் பாத்துக்கோங்க" என்றார். அண்ணாச்சிதான் முகம் கடுத்துப்போனார்.

"அப்ப பரோட்டா போடப்போறியளோ?"

"போட்டாலும் போடுவேன் அண்ணாச்சி."

"நீங்க எப்படித் திறக்கியன்னு பாத்துருவோம்."

"பாருங்க."

தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஜோஷுவா போன் போட்டு, "ஒண்ணு கிடைக்கலன்னு மூணையுமா கிழிப்பாங்க?" என்று கேட்டார். அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில், "சரி, கிழிச்சாச்சி. இனிமே குனியாத" என்றார். அது போதும் எனக்கு.

நாளை திங்கட்கிழமை. விண்ணப்பம் கொடுக்கிறேன். முதல் இரண்டு பக்கமும் முழுதாக இருக்கும். மூன்றாம் பக்கம் வெற்றுத் தாள். அதன் நடுவில், 'இந்தப் பக்கத்தை எந்தச் சட்டமும் கேட்கவில்லை' என்று எழுதிக் கீழே என் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன். பதினைந்தாம் நாள் ஜூலை இருபத்திரண்டு. உன் மைக் பேச்சு இன்னும் என் போனில் இருக்கிறது. அனுமதி கொடு, இல்லையென்றால் சட்டப் பிரிவைப் போட்டு மறு.

தோழி என்று பார்க்காதே. பார்த்தால் நான் தோற்ற மாதிரி.

ஃபிளோரா


பேரூராட்சிக் குடியிருப்பு
22 ஜூலை 2025

ஃபிளோரா,

உத்தரவு இணைப்பில் இருக்கிறது. எழுத்தர் கொண்டுவந்து தருவார், ஆனால் நீ இதிலேயே முதலில் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். முக்கியமான வரி இது: 'எல்லைதாரர் ஒப்புதல் எந்தச் சட்டத்தாலும் விதியாலும் கோரப்படாததால், அது இல்லாதது விண்ணப்பத்தின் குறையாகாது. அனுமதி வழங்கப்படுகிறது.' அதே வரியை அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறேன், உனக்கு மட்டும் இல்லை, இனி வருகிற எல்லோருக்கும்.

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம் நடந்தது. அண்ணாச்சி முன்கூட்டியே மனு கொடுத்திருந்தார். தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏதாவது ஒரு குறைய எழுதித் திருப்பி அனுப்புங்கம்மா. அந்தப் பொண்ணு பைய வேற இடம் பாத்துக்கிடும்" என்றார். எந்தப் பிரிவில் எழுதட்டும் என்றேன். "பிரிவெல்லாம் நீங்கதான் படிச்சவுக, நீங்க பாத்துப் போடுங்க" என்றார். பார்த்துவிட்டேன், இல்லை என்றேன். ஊர் வழக்கத்தில் கை வைத்தால் நீங்கள் இந்த ஊரில் இருக்க மாட்டீர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். இருக்க மாட்டேன்தான். ஆனால் அந்தப் பக்கமும் இருக்காது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நீ தோழி என்பதற்காகக் கையெழுத்துப் போடவில்லை. மறுக்க ஒரு வரிகூட இல்லாததால் போட்டேன். அதை உன்னைவிட எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாற்றல் உத்தரவு இந்த மாதக் கடைசிக்குள் வரும். அதுவரை சித்தப்பா வீட்டு மாடி அறையில் இருக்கப் போகிறேன். மனுக்காரர்கள் வந்தால் வரட்டும்.

அந்தக் கருவாட்டு டப்பா என்னுடையதுதான்.

பாகீரதி


வடகரைப்பேரி
17 ஆகஸ்ட் 2025

பாகீ,

ராமநாதபுரம் பக்கம் உன்னைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று சித்தப்பாதான் விலாசம் கொடுத்தார். நீ கிளம்பும்போது என்னிடம் சொல்லாமல் போனதற்குத் தனியாக ஒரு கடிதத்தில் திட்டுவேன். இதில் நல்ல செய்தி மட்டும்.

பதிமூன்றாம் தேதி கடை திறந்தேன். காலை பத்து மணிக்கே சாளை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முதல் ஆளாக வந்தவர் உன் சித்தப்பா. மீன் கடையில் வந்து உட்கார்ந்து, "எனக்கு மோர் இருந்தா குடும்மா" என்றார். இருந்தது. அவருக்காகவே முந்தின நாள் உறை ஊற்றி வைத்திருந்தேன். குடித்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "இவ கடைக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் நின்றார். எனக்கு அடுப்படியை விட்டு வர முடியவில்லை. வந்திருந்தால் அழுதிருப்பேன்.

அண்ணாச்சி முதல் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மதியம் அவர் கடை வாசலிலும் 'மீன் குழம்பு சாப்பாடு' என்று சிலேட்டில் எழுதி வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே நான் கல்லைப் போட்டுப் பரோட்டா வீச ஆரம்பித்தேன். என் பரோட்டா அவ்வளவு நன்றாக வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அவர் மீன் குழம்பு அதைவிட மோசம்.

புது ஈ.ஓ. வந்த அன்றே நீ ஒட்டியதைப் பலகையிலிருந்து கிழித்துவிட்டார்கள். ஆனால் என் உத்தரவைக் கிழிக்க முடியாதே. அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அதைக் கொடுத்து வைத்திருக்கிறேன். கடை போட வருகிறவர்கள் மூன்றாம் பக்கத்துக்குப் பதிலாக அதன் நகலை வைத்துக் கொடுக்கிறார்கள். மறுப்பதென்றால் பிரிவு எழுத வேண்டும். புது ஆளுக்கும் அந்தப் பிரிவு கிடைக்கவில்லை.

நீ இங்கே இல்லாதது மட்டும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஃபிளோரா


ராமநாதபுரம் மாவட்டம்
8 செப்டம்பர் 2025

ஃபிளோரா,

சொல்லிக்கொண்டால் கிளம்ப முடியாது என்றுதான் சொல்லாமல் வந்தேன். திட்டிக்கொள்.

இங்கே விண்ணப்பம் ஒன்பது பக்கம். ஆறாம் பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் மூவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். வந்த முதல் வாரமே பதிவறைச் சாவியைக் கேட்டேன். "எதுக்கு மேடம்?" என்று எழுத்தர் பயந்துபோய்ப் பார்த்தார். என்னைப் பற்றி எனக்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது போலிருக்கிறது. சாவி இன்னும் கிடைக்கவில்லை. பூட்டை உடைக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், எழுத்துமூலமாக.

சித்தப்பா தினமும் போன் செய்கிறார். ஏதோ மறைக்கிறார். என்னவென்று பார்த்து எழுது.

பாகீ


வடகரைப்பேரி
14 டிசம்பர் 2025

பாகீ,

உன் சித்தப்பா மறைத்தது இனி மறைக்க முடியாத விஷயம், தெருவே மணக்கிறது. எழுபத்து நாலு வயதில் காப்பிப்பொடி கடைக்கு விண்ணப்பம் கொடுத்து, பதினான்காம் நாள் அனுமதி வாங்கிவிட்டார். இயந்திரம் முதல் நாளே ஓடியது. கடைக்குச் சித்தி பெயர். காலையில் அவர் வறுக்க ஆரம்பித்தால் அண்ணாச்சி தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறார். "தலைவலிக்கி சார்" என்று ஒருநாள் வந்து சொல்லியிருக்கிறார். இவர் அரைத்த பொடியில் ஒரு காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினார். இப்போது அண்ணாச்சி கடையிலும் இந்தப் பொடிதான்.

மூடிக் கிடந்த ஷட்டர்களில் ஐந்து திறந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன் என்று நினைக்காதே. இன்று நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

ஞானசிகாமணி அண்ணன் கண் பார்வை போதவில்லை என்று தையலை விட்டுவிட்டார். அந்த இடத்தில் அவர் மருமகன் ஜாபேஸ் கடை போடப் போகிறான். என்ன கடை என்கிறாய்? பொரித்த மீன். எனக்கு ஒட்டின சுவரில். நான் நீட்டிக் கொடுத்த கூரைத் தகட்டின் நிழலில்.

மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் வந்தான். கையில் பழைய மூன்றாம் பக்கம். அதன் நகல் எவரிடமோ இன்னும் இருந்திருக்கிறது. "தேவையில்லன்னுதான் சொல்லுதாவ அக்கா. ஆனா நீங்க பக்கத்துல இருக்கிய. எதுக்கும் ஒரு கையெழுத்து இருந்தா நல்லதுல்லா" என்று நீட்டினான். மரியாதையாகத்தான் கேட்டான். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிற முகம்.

பாகீ, என் கை கல்லாப்பெட்டிப் பேனாவைத் தேடியது. சத்தியமாகச் சொல்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் என் மனசில் என்னவெல்லாம் ஓடியது தெரியுமா? சாளை பொரிக்கலாம், நெய்மீன் பொரிக்கக் கூடாது. சாயங்காலம் மட்டும் போடலாம், மதியம் கூடாது. ஒரு வரி எழுதினால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவான். அண்ணாச்சி அன்று என்னைப் பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. அந்தத் தாள் கையில் வந்தால் எவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"அக்கா?" என்றான்.

தாளை வாங்கி நாலாகக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தேன். அவன் முகம் வெளுத்துப்போனது, நான் மறுக்கிறேன் என்று நினைத்துவிட்டான். "எலே, ஆபீசுல போய்க் குடு. என்னைக் கேக்காத. என்னை மட்டுமில்ல, இந்தத் தெருவுல ஒருத்தரையும் கேக்காத" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் போன பிறகு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். என் வியாபாரத்தில் பாதி அவனுக்குப் போகலாம். நல்ல கைப்பக்குவம் உள்ள பையன், அவன் கல்யாணத்தில் அவனே மசாலா போட்டுப் பொரித்ததை நான் தின்றிருக்கிறேன்.

பதினைந்து நாளில் திறந்துவிடுவான். தூத்துக்குடியில் இருக்கும் ஜோஷுவாவுக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து நெத்திலியும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவன் பொரிக்கட்டும். நானும் பொரிக்கிறேன்.

ஃபிளோரா